பாதிப் படம் தண்ணீர்

நீர்ப்பறவையொன்றை நெருக்கத்தில் எடுத்த படத்தைக் காட்டினால் நம்மூரில் முதலில் வரும் கேள்வி, “என்ன கமரா மச்சான், லென்ஸ் எவ்வளவு?” என்பதுதான். அடுத்த கேள்வி, “எங்கே கண்டாய்?” தண்ணீர் அசையாமல் கிடந்ததா, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, பறவைக்குப் பின்னால் வயல் என்ன நிறத்தில் நின்றது என்றெல்லாம் எவரும் கேட்பதில்லை. ஆனால் படத்தைத் திரும்பப் பாருங்கள். மேல் பாதியில்தான் பறவை இருக்கிறது. கீழ்ப் பாதி முழுக்கத் தண்ணீர், அதில் தலைகீழாகப் பறவையின் விம்பம். அந்தப் பாதி கெட்டுப்போனால் மேல் பாதி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் படம் தேறாது. ஆகவே நான் சொல்லவருவது இதுதான்: கல்முனை தொடக்கம் பொத்துவில் வரையான இந்தக் கரையில் நீர்ப்பறவைகளைப் படமெடுக்க ஆசைப்படுகிறவர், பறவையைப் படிப்பதற்கு முன் தண்ணீரைப் படிக்க வேண்டும். தண்ணீர் சரியாக அமைந்தால் நிறமும் நெருக்கமும் பெரும்பாலும் தாமாகவே வந்துவிடும். தண்ணீரைக் கவனிக்காதவருக்கு லென்ஸின் விலை கைகொடுக்காது.

இதை இந்த ஊரில் இருந்துகொண்டு சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நம்முடைய ஊர்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எல்லாமே கடலுக்கும் வயலுக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கும் ஒரு மணல் திட்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வட்டை போன்ற தாழ்ந்த வயல்கள், அவற்றை ஊடறுக்கும் ஆறுகள், களப்புகள், கிட்டங்கி, மாவடிப்பள்ளி போன்ற தாம்போதிகள். சூரியன் கடலில் இருந்து எழுகிறது. ஊர் ஓரத்தில் நின்று மேற்கே வயலைப் பார்க்கிற ஒருவருக்கு விடியற்காலையில் வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து நேரே பறவையின் மேல் விழும். இறகின் நிறத்தை முழுதாக எடுத்துக் காட்டுவது இந்த வெளிச்சம்தான். மன்னார், புத்தளம் பக்கம் கரையோர ஊரின் ஓரத்தில் நின்று கிழக்கே உட்பக்கம் பார்க்கிறவருக்கு இதே வசதி மாலையில்தான் கிடைக்கும், அதற்குள் கடற்காற்று எழுந்து தண்ணீரைக் கலக்கிவிடும். நமக்கோ நல்ல வெளிச்சமும் அசையாத தண்ணீரும் ஒரே நேரத்தில், அதுவும் சுபஹ் தொழுகை முடிந்து பள்ளியை விட்டு வெளியே வருகிற நேரத்தில் வாய்க்கின்றன. காசு கொடுத்து வாங்க முடியாத வசதி இது.

காற்றின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இரவு முழுக்க நிலம் குளிர்ந்திருப்பதால் விடியற்காலையில் காற்று மெல்லத் தரையிலிருந்து கடலுக்குப் போகும், அல்லது அடியோடு ஓய்ந்திருக்கும். வெயில் ஏறி நிலம் சூடானதும் கடற்காற்று உள்ளே வரத் தொடங்கும். அதற்குப் பிறகு வயல் தண்ணீரில் விம்பம் துண்டு துண்டாக உடைந்துவிடும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பகல் முழுவதும் தண்ணீர் சுருங்கிக்கொண்டே இருக்கும், வாடைக் காலத்தில் மழையும் மப்பும். ஆக, எந்த மாதமானாலும் நல்ல தண்ணீர் காலையில் கொஞ்ச நேரத்துக்குத்தான். வெளிச்சத்தின் கணக்கும் அதையே சொல்கிறது. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு 7 பாகை சொச்சம் வடக்கே. இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுகிறது, ஒரு மணித்தியாலத்தில் ஏறக்குறைய 15 பாகை. ஐரோப்பாவின் குளிர்காலத்தில் நண்பகலிலும் சூரியன் தாழ்ந்தே நிற்கும், அங்குள்ள படப்பிடிப்பாளர்களுக்கு நாள் முழுக்க மென்மையான பொன்வெயில். நமக்கு அது விடிந்து ஒரு மணித்தியாலத்தோடு சரி. எட்டு மணிக்கு ஆறுதலாகத் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறவர் வெளிறிய வானத்தையும் கருகிய நிழலையும்தான் எடுத்து வருவார், அதற்குக் கமராவைக் குறை சொல்லிப் பயனில்லை.

இனி உயரத்துக்கு வருகிறேன், என் வாதத்துக்கு மிகப் பெரிய சாட்சி அதில்தான் இருக்கிறது. தண்ணீர் ஒரு சீரான கண்ணாடி அல்ல. நேரே மேலிருந்து குனிந்து பார்த்தால் அதில் விழும் ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் திரும்பி வரும், மிச்சம் உள்ளே போய்விடும். கிணற்றை எட்டிப் பார்த்தால் அடி தெரிவது அதனால்தான். பார்வை எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவுக்குத் தெறிப்பு கூடும். பத்து மீற்றர் தூரத்தில் நிற்கும் ஒரு பறவையை வரம்பில் நின்றபடி, கமரா ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்க எடுத்தால், விம்பத்துக்குக் கிடைப்பது பறவையின் ஒளியில் நாற்பது வீதத்துக்கும் குறைவு. அதே பறவையை, கமராவைத் தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்கு இறக்கி எடுத்தால் அது சுமார் 80 வீதமாகிவிடும். நான் ஊகத்தில் சொல்லும் எண்கள் அல்ல இவை, உயர்தர பௌதிகவியல் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்தால் கணக்குப் போட்டுத் தரும். (கமரா பற்றி எழுதும்போது இப்னு ஹைதமின் பெயரை இழுக்காமல் நம்மவர்களால் இருக்க முடியாது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய கிதாபுல் மனாழிரில் ஒளித்தெறிப்புக்குப் பெரிய இடம் உண்டு. நானும் இழுத்துவிட்டேன், கடமை முடிந்தது.) நின்றபடி எடுத்த படத்தில் விம்பம் மங்கிச் சேறு தெரிவதற்கும், தாழ்ந்து எடுத்த படத்தில் இரண்டு பறவைகள் போல் தெரிவதற்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒன்றரை மீற்றர்தான். லென்ஸின் விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கும் என்று சிலர் முனைவாக்கக் கண்ணாடியை லென்ஸின் முன்னால் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். அது அறுப்பது நாம் தேடி வந்த தெறிப்பையேதான். கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள்.

தாழ்வதால் இன்னொன்றும் நடக்கிறது. தண்ணீரில் தெரிவது பறவையின் நகல் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது தண்ணீருக்கு அடியிலிருந்து ஒருவர் நிமிர்ந்து பார்த்தால் தெரியும் பறவை. அலகின் அடிப்பக்கம், தாடை, வயிறு, வாலின் கீழ்ச் சிறகுகள் எல்லாம் விம்பத்தில்தான் தெரியும், மேல் பாதியில் தெரியாது. நீலத் தாழைக்கோழியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வயலோரங்களில் சாதாரணமாகக் காணக்கூடிய பறவைதான். உடம்பெல்லாம் ஊதா கலந்த நீலம், நெற்றியிலிருந்து அலகு வரை இரத்தச் சிவப்பு, வாலுக்கடியில் பளிச்சென்ற வெள்ளை. புல்லின் தண்டைப் பிடுங்கி, நீண்ட விரல்களால் கையில் பிடிப்பது போல் பிடித்துக்கொண்டு அலகால் உரிக்கும். நடக்கும்போது வாலை வெட்டி வெட்டி அசைக்கும், அந்த வெள்ளை ஒரு கணம் மின்னி மறையும். தண்ணீர் மட்டத்திலிருந்து பார்த்தால் மேலே நீலக் கோழி, கீழே விம்பத்தில் வெள்ளையும் தூக்கிய காலின் சிவந்த விரல்களும். ஒரே பறவையின் இரண்டு வேறு பார்வைகள் ஒரு சட்டத்துக்குள் வருகின்றன. முகத்தை மட்டும் பெரிதாக்கி எடுத்த படத்தில் இது கிடைக்காது.

“நெருக்கத்தில் எடுக்க வேண்டுமென்றால் நெருங்கித்தானே ஆகவேண்டும்?” என்று கேட்பார்கள். இங்கேதான் தண்ணீர் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. நம் குளங்களில் இருக்கும் குள்ளத்தாரா உலகின் மிகச் சிறிய வாத்து வகைகளில் ஒன்று, நீளம் 26 சென்ரிமீற்றர் அளவு. அதன் தலையை மட்டும் சட்டம் நிறைய எடுக்க, சாதாரணமாக நம்மவர்கள் வைத்திருக்கும் சிறிய சென்சர் கமராவும் 400 மில்லிமீற்றர் லென்ஸுமாக மூன்று நான்கு மீற்றருக்குள் போயாக வேண்டும். எந்தக் குள்ளத்தாராவும் அதற்கு இடம் கொடுக்காது. விம்பத்தையும் சேர்த்து எடுக்கத் தீர்மானித்துவிட்டால் எடுக்க வேண்டிய உயரமே இரட்டிப்பாகிறது. இப்போது பத்து மீற்றரில் இருந்தபடியே பறவையும் விம்பமும் சட்டத்தை நிறைத்து உட்கார்ந்துவிடும். தாழைக்கோழி போலக் கொஞ்சம் பெரிய, நிமிர்ந்து நிற்கும் பறவை என்றால் கமராவை நெடுக்காகப் பிடித்துக்கொண்டு இன்னும் ஐந்தாறு மீற்றர் பின்னால் போக வேண்டியிருக்கும். அதாவது விம்பம் நம்மைப் பின்னால் தள்ளுகிறது. பறவை மிரளாத தூரமும் படம் நிறைகிற தூரமும் ஒன்றாகி விடுகின்றன. நெருங்காமலே நெருக்கம் வருவதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கூர்மையைப் பற்றியும் பயப்படத் தேவையில்லை. விம்பம் தண்ணீர்ப் பரப்பில் ஒட்டிக்கிடப்பதாகக் கண்ணுக்குத் தோன்றினாலும், லென்ஸுக்கு அது ஏறக்குறையப் பறவை நிற்கும் அதே தூரத்தில்தான் இருக்கிறது. கண்ணைக் குவித்தால் தலைகீழ்க் கண்ணும் குவிந்துவிடும், முன்னால் மிதக்கும் பாசிதான் மங்கும்.

அடுத்த ஆட்சேபம் நிறத்தைப் பற்றியது. இணையத்தில் சுற்றும் நீர்ப்பறவைப் படங்களில் பாதி மாண்டரின் வாத்து. 2018 ஒக்டோபரில் நியூயோர்க் சென்ட்ரல் பூங்காக் குளத்தில் தனியாக ஒரு மாண்டரின் வந்து சேர்ந்தபோது அதைப் பார்க்கச் சனம் திரண்டது, உலகமெல்லாம் செய்தியானது. கிழக்கு ஆசியப் பறவை, யாரோ வளர்த்ததிலிருந்து தப்பி வந்ததாகத்தான் இருக்க வேண்டும். “அப்படி ஒன்று நம்மிடம் இல்லையே காக்கா, இங்கே எல்லாம் கபில நிறம்தானே?” என்பது அங்கலாய்ப்பு. இதை நான் ஏற்கமாட்டேன். குள்ளத்தாராவின் ஆண் பறவையைத் தூரத்தில் கண்டால் வெள்ளையும் கறுப்புமாகத்தான் தெரியும். காலை வெயில் முதுகில் பட்டதும் அந்தக் கறுப்பு பச்சையாக மாறும். சாயத்தால் வரும் பச்சை அல்ல அது. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது உண்டாகும் நிறம், பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும். அந்தக் கோணத்தை யார் தருகிறார்? முதுகுப் பக்கமிருந்து வரும் காலைச் சூரியன். பறவை அசையாமல் மிதக்கும் கணத்தில் வெள்ளைக் கழுத்தைச் சுற்றிய கறுப்புப் பட்டியும், சிவந்த கண்ணும், முதுகின் பச்சையும் தண்ணீரில் இன்னொரு முறை தெரியும். பிறகு வால்பக்கம் ஒரு சின்ன நெளிவு வந்தாலும் போதும், பச்சை நீண்டு கோடாக இழுபடும். மெல்லிய அலை விம்பத்தைக் குறுக்கே பரப்புவதைவிட நெடுக்கேதான் அதிகம் இழுக்கும். அப்படி இழுபட்ட நிறமும் அழகுதான், எல்லாத் தண்ணீரும் கண்ணாடியாகவே இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

வலசை வருகிற வாத்துகளிலும் இந்த அவசரப்பட்ட தீர்ப்பு நடக்கிறது. மத்திய ஆசிய வான்பாதை வழியாக ஒக்டோபரை ஒட்டி வந்து சேரும் நீலச்சிறகியின் ஆண், வரும்போது பெண்ணைப் போலவே மங்கலாக இருக்கும். இனப்பெருக்கக் கால இறகு முளைக்க அது வேறு வாத்துகளைவிட நீண்ட காலம் எடுக்கும், பல ஆண் பறவைகளுக்கு அது பெப்ரவரியை ஒட்டித்தான் பூரணமாகிறது. நவம்பரில் போய்ப் பார்த்துவிட்டு “ஒன்றுமில்லை” என்று திரும்பி வந்தவர், பெப்ரவரி, மார்ச்சில் அதே பறவை கண்ணுக்கு மேலே வெண்பிறை வரைந்துகொண்டு புறப்படத் தயாராக இருப்பதைக் காணாமல் விட்டுவிடுகிறார். நீளவால் இலைக்கோழியும் அப்படித்தான். பின்கழுத்தின் பொன்மஞ்சளும் அரிவாள் போல் வளைந்த நீண்ட வாலும் இனப்பெருக்கக் காலத்துக்கு மட்டும். மற்ற மாதங்களில் அது வாலிழந்த சாதாரணப் பறவை. நிறமில்லை என்று சொல்வதற்கு முன் எந்த மாதம் என்று கேட்க வேண்டும்.

மாதம் என்று வந்ததும் வயலுக்குப் போகவேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் தண்ணீரின் நிறத்தைத் தீர்மானிப்பது நெல். தாழ்ந்த கோணத்தில் பார்க்கும்போது தண்ணீருக்கென்று சொந்த நிறம் கிடையாது. பறவைக்குப் பின்னால் எது நிற்கிறதோ அதன் நிறம்தான் தண்ணீரிலும் நிறைந்திருக்கும். பெரும்போகத்துக்கு ஒக்டோபர், நவம்பரில் விதைத்த பயிர் டிசம்பர், ஜனவரியில் பச்சையாக நிற்கும், அப்போது வாய்க்கால் தண்ணீரெல்லாம் பச்சை. பெப்ரவரியில் கதிர் முற்றும்போது அதே இடத்தில் தங்கம். அறுவடை முடிந்து சிறுபோகத்துக்குச் சேறடித்துப் பலகை இழுத்த வயல் இருக்கிறதே, அதற்கு இணையான கண்ணாடி கிடையாது. ஆழம் நாலு விரல்கூட இல்லை, அலை எழும்ப இடமில்லை, அடியில் கறுத்த சேறு. இந்தச் சேறு அடியிலிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாததால் விம்பம் மங்காமல் தெரிகிறது. கொக்கும் பவளக்காலி உள்ளானும் செந்நாரையும் அந்தச் சில நாட்களில் வயல் நிறைய இறங்கும், பிறகு நாற்று எழும்பித் தண்ணீரை மறைத்துவிடும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் அதன் சேனநாயக்க சமுத்திரமும் இல்லாவிட்டால் இந்தச் சிறுபோகத் தண்ணீரில் பெரும்பகுதி நமக்குக் கிடைத்திருக்காது. படமெடுக்கிறவர் பறவை வழிகாட்டி நூலைப் புரட்டுவதோடு நில்லாமல் வயலுக்குத் தண்ணீர் விடுவதைக் கவனிக்கும் வட்டவிதானையாரிடமும் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

“இதெல்லாம் சரி, குமணவுக்குப் போனால் போதாதா?” என்று கேட்கலாம். 1938இலேயே பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட இடம், 2010இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. வில்லுக்களில் சங்குவளை நாரை முதல் பெலிக்கன் வரை என்னென்னவோ இருக்கின்றன. போகத்தான் வேண்டும். ஆனால் அங்கே ஜீப்பை விட்டு இறங்க முடியாது. ஜீப்பின் இருக்கையில் இருந்து எடுக்கும் படம் மேலிருந்து கீழே பார்க்கும் படம். மேலே சொன்ன கணக்கு அங்கே நமக்கு எதிராகத் திரும்பும், தூரத்தைக் கூட்டித்தான் கோணத்தைச் சாய்க்க முடியும். பறவைகளின் எண்ணிக்கைக்குக் குமண, விம்பத்துக்கு நம் வட்டை என்பது என் தீர்ப்பு. வில்லுவை விட வாய்க்கால் சிறந்ததா என்று யாரும் சண்டைக்கு வந்தால் வரட்டும்.

கருவி வாதத்துக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். தமிழில் இயற்கை பற்றி எழுதியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். காட்டுயிர்ப் படங்களை வாழ்நாள் முழுக்கக் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். வெவ்வேறு பாகங்களைப் பொருத்தித் தாமே உருவாக்கிய கமராவுக்கு ‘சூப்பர் பொண்டரோசா’ என்று கேலியாகப் பெயரும் வைத்திருந்தார். நிறமே இல்லாத, தானியங்கிக் குவியம் இல்லாத கருவியோடு அவர் படங்கள் நின்று பேசுகின்றன என்றால், விலங்கையும் அது நிற்கும் இடத்தையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்ததனால்தான். இன்று நம் பெடியன்கள் கையில் இருக்கும் பழைய கமராகூட அவருடையதைவிட நூறு மடங்கு வசதியானது. கூடுதலாக வேண்டியது ஒரு திருப்பித் திறக்கும் திரை, ஒரு சிறிய உமி மூட்டை. மூட்டையை வரம்பில் வைத்து அதன்மேல் கமராவை இருத்தினால் சேற்றில் படுக்காமலே தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிடலாம். உமி மணலைப் போலப் பாரமில்லை, தோளில் தொங்கவிட்டு நடக்கலாம்.

மறைந்திருந்து எடுப்பதைப் பற்றியும் கேட்பார்கள். இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் நூற்றியிருபது வருடங்களுக்கு முன்பே பாடம் பண்ணிய ஒரு மாட்டின் வயிற்றுக்குள் ஒளிந்து பறவைகளைப் படமெடுத்தார்கள். நமக்கு அந்தச் சிரமம் வேண்டாம், உயிருள்ள எருமைகளே வட்டையில் நிற்கின்றன. பறவை எருமைக்கும் உழவு இயந்திரத்துக்கும் தோணிக்காரருக்கும் பழகியிருக்கிறது. அது பயப்படுவது, வீதியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நேரே அதை நோக்கி நடக்கிற மனிதனுக்கு. கண்ணியும் துவக்கும் வைத்திருந்தவர்களும் அப்படித்தான் வந்தார்கள். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் சில விதிவிலக்குகள் தவிரப் பறவைகளையெல்லாம் பாதுகாக்கிறது என்பது பறவைகளுக்குத் தெரியாது. முன்கூட்டியே போய், தாழ்ந்து உட்கார்ந்து, பறவையாக வரும் வரை இருப்பதுதான் மறைவு. கூவல் ஒலியைப் போனில் போட்டு வரவழைப்பதும், இலைமேல் முட்டையிட்டிருக்கும் இலைக்கோழியைத் துரத்தித் துரத்தி எடுப்பதும் படமெடுக்கும் கலையில் சேராது. இலைக்கோழியில் அடைகாப்பது ஆண். அது எழும்பி ஓடினால் மிதக்கும் இலைமேல் நாலு முட்டைகளும் வெயிலில் கிடக்கும்.

நம் ஊர்களில் மட்டும் எழும் ஆட்சேபம் ஒன்றுண்டு, அதைத் தவிர்த்துவிட்டுப் போனால் நேர்மையாக இருக்காது. உயிருள்ளவற்றின் உருவத்தை எடுப்பது கூடுமா? பத்வா கொடுப்பது என் வேலை அல்ல, அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குள்ளும் இரண்டு கருத்து உண்டு. சவூதியின் ஷைக் பின் பாஸ் போன்றோர் தேவைக்கன்றி அதை ஏற்கவில்லை. முதலாம் உலகப்போர்க் காலத்தில் எகிப்தின் முப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல்முதீஈ, புகைப்படம் புதிதாக உருவம் படைப்பதல்ல, இருக்கிற ஒன்றின் நிழலைப் பிடித்து நிறுத்துவது மட்டுமே என்று தனி நூலே எழுதி அனுமதித்தார். கண்ணாடியிலும் தண்ணீரிலும் தெரிவதைப் பார்ப்பதை எவரும் தடுப்பதில்லை என்பதை நினைத்தால் அவருடைய தர்க்கத்தின் பலம் விளங்கும். எனக்கு அந்தத் தர்க்கமே சரியாகப் படுகிறது. ஏற்காதவர் பறவையைக் கண்ணால் பார்த்துவிட்டு வரட்டும். அதற்கும் நான் சொன்ன அதே இடமும் நேரமும் உயரமும்தான் பொருந்தும். சூரத்துல் முல்க் பறவைகளைப் பார்க்கவில்லையா என்று கேட்கிறதே தவிர, கமராவைக் கேட்கவில்லை.

கடைசியாக, எனக்கே சங்கடம் தருகிற ஆட்சேபம். வயலெல்லாம் வீடாகிறது, கிட்டங்கியில் ஆற்றுவாழை மூடிக் கிடக்கிறது, பள்ளக்காட்டுக் குப்பையில் பிளாஸ்டிக் தின்று யானைகள் செத்த செய்தி 2022இல் உலகமெல்லாம் போனது, இந்த நேரத்தில் அழகழகாக விம்பம் எடுத்து என்ன பயன்? வயலை நிரப்புவதை வெறும் பேராசை என்று நான் சொல்லமாட்டேன். 2004 சுனாமியில் கடலோரத்தில் வீடிழந்த சனத்துக்கு, இந்த ஒடுங்கிய மணல் திட்டில் மேற்கைத் தவிர வேறு பக்கம் இருக்கவில்லை. ஆனால் பயன் என்ன என்ற கேள்விக்குப் பதில் உண்டு. முகத்தை மட்டும் எடுத்த படம் எங்கே எடுத்ததாகவும் இருக்கலாம், தெஹிவளை மிருகக்காட்சிச் சாலையிலும் எடுத்திருக்கலாம். தண்ணீரோடு சேர்த்து எடுத்த படம் இடத்துக்கும் சாட்சி. அதில் ஆற்றுவாழை வந்தால் விம்பம் போய்விடும், சொப்பிங் பை மிதந்தால் அதுவும் இரண்டாகத் தெரியும். பத்து வருடங்களுக்கு முன் கரைவாகு வட்டையில் தண்ணீர் எந்த மாதத்தில் எவ்வளவு நின்றது, எந்தப் பறவை இறங்கியது என்பதற்கு நம்மிடம் என்ன பதிவு இருக்கிறது? ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இலிருந்து ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. நம் பிள்ளைகள் எடுக்கும் படத்தில் திகதியும் வட்டையின் பெயரும் இருந்தால் அதுவும் ஒரு கணக்கெடுப்புத்தான். கூடு இருக்கும் இடத்தை மட்டும் எழுதாதீர்கள்.

போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. வெள்ள காலத்தில் தாம்போதிப் பக்கம் போகவே வேண்டாம். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மத்ரசா மாணவர்களை உழவு இயந்திரத்தோடு அடித்துச் சென்றது இதே தண்ணீர்தான், எந்தப் படத்துக்காகவும் அதில் கால் வைக்கக் கூடாது. ஆற்றோரங்களில் முதலையும் அறுவடைக் காலத்தில் மேற்குப் பக்க வயல்களில் யானையும் உண்டு, தனியே போகாதீர்கள். மற்றது, வயல் ஒருவருடைய சொத்து. தாழைக்கோழி நம் கண்ணுக்கு அழகு, நெற்குருத்தைப் பிடுங்கித் தின்பதால் காணிக்காரருக்குத் தலையிடி. வரம்பை உடைத்துக்கொண்டு நடந்தால் அடுத்த முறை விடமாட்டார்கள், விடாததில் நியாயமும் இருக்கும்.

சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் திகதி அந்தந்தப் பகுதி விவசாயிகளின் ஆரம்பக் கூட்டத்தில் முடிவாகும். அந்தத் திகதியைக் கேட்டு எழுதி வையுங்கள். அதற்குப் பிறகு உங்கள் பக்கத்து வட்டையில் எப்போது பலகை இழுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். லென்ஸ் வாங்குவதை அடுத்த வருடம் யோசிக்கலாம்.